ஒரே டேங்கில் மூன்று பேர்

எங்கள் மூன்று பேருக்கும் ஒருவரை ஒருவர் ஆகாது. இதை எழுதுகிறேன் என்று தெரிந்தால் கடை அண்ணாச்சி, "அதையெல்லாம் எதுக்கு மேடம் எழுதுதீங்க, ஆறிப்போன கத" என்பார். எனக்கு அது ஆறவில்லை. நாங்கள் பேசிக்கொள்ளாததால்தான் ஒரு பெண்ணின் மிளகாய்த் தோட்டம் கருகியது. நாங்கள் பேச ஆரம்பித்ததும் அதனால்தான்.

நான் தோட்டக்கலைத் துறையில் உதவி அலுவலர். ஆறுமுகநேரியைச் சுற்றிச் சில கிராமங்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. ஸ்கூட்டரில் போய்ப் பயிரைப் பார்த்து, இன்னது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வருவது வேலை. பிறந்தது தாமிரபரணிக் கரையில், நெல் விளையும் ஊரில். ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்குக் கடலோர மண்ணைப் பார்த்தால் கொஞ்சம் இளக்காரம் உண்டு, எனக்கும் இருந்தது. கோபமோ மூக்கு நுனியில் இருக்கும்.

அண்ணாச்சிக்குப் பஜாரில் உரக்கடை. பனங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து, அப்பா காலத்திலேயே வியாபாரத்தில் இறங்கிய குடும்பம். யாராவது சுருண்ட இலை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு கடை வாசலில் நின்றால் போதும், அவர்கள் வாய் திறப்பதற்குள் அண்ணாச்சியின் கை அலமாரிக்குப் போய்விடும். எங்கள் துறையில் எல்லோருக்கும் அவரைக் கண்டால் எரிச்சல். ஆனால் நான் ஒரு ஊருக்கு மாதத்தில் இரண்டு தடவை போனால் அதிகம். அவர் கடை தினமும் திறந்திருக்கும். விவசாயி யாரிடம் போவான்?

மூன்றாவது ஆள் ஒரு தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர். கடற்கரை ஊர்ப் பெண், அப்பா கடலுக்குப் போகிறவர். சாயர்புரத்தில் படித்துவிட்டு, இயற்கை விவசாயம் சொல்லிக்கொடுக்க வந்திருந்தாள். அவள் பையில் எப்போதும் வேப்பெண்ணெய் வாசம் அடிக்கும். அண்ணாச்சி அவளை முதுகுக்குப் பின்னால் "எண்ணெய்க்காரி" என்பார். அவள் அவர் கடையை "விஷக்கடை" என்பாள். என்னை இரண்டு பேரும் ஒரே பெயரில்தான் சொல்வார்கள்: கவர்மெண்ட். "கவர்மெண்ட் வருது, அப்புறம் பேசுவோம்" என்று ஒரு தடவை என் காதிலேயே விழுந்தது.

இப்படி ஆளுக்கு ஒரு திசையில் முறுக்கிக்கொண்டு திரிந்த எங்களுக்குப் பொதுவாக இருந்தது ஒரே ஒரு விவசாயி. ஒரு பெண். நாற்பதைத் தாண்டியவள். கல்யாணமான நாளிலிருந்து உப்பளத்தில் உப்பு வாரியவள். கணவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் சுமை வேலை பார்த்துவிட்டு வாரக் கடைசியில் வருவார். உப்பளத்தில் வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை, கீழேயிருந்தும் அடிக்கும். அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்து அவள் கண் மங்கிக்கொண்டு வந்தது. "இனி அங்கன போய் நிக்காத, இருக்கிற பார்வையையாவது காப்பாத்து" என்று கண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால்தான் அவள் ஊர் எல்லையில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு வாங்கி மிளகாய் போட்டாள். நிலம் தூத்துக்குடியில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒருவருடையது. "ஒரு வெள்ளாமை பாப்போம். சரியா வரலன்னா நிலத்த எடுத்துக்கிடுவேன்" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். வெள்ளாமை போனால் நிலம் போகும். நிலம் போனால் மறுபடியும் உப்பளம். இது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

அவளிடம் ஒரு குணம். யாரிடமும் வேண்டாம் என்று சொல்ல வராது. அவள் வீட்டுச் சுவரில் காலண்டர்கள் மட்டுமே ஏழெட்டு தொங்கும். நகைக்கடை, அரிசிக்கடை, சர்ச், கோயில், அண்ணாச்சியின் உரக்கடை என்று யார் கொடுத்தாலும் வாங்கி மாட்டிவிடுவாள். "கழட்டினா குடுத்தவுக மனசு கஷ்டப்படும்லா" என்பாள். நான் போனால் கருப்பட்டிக் காப்பி போட்டு, எனக்குத் துணையாகத் தானும் குடிப்பாள். கொஞ்ச நேரத்தில் தொண்டு நிறுவனப் பெண் வந்தால் அவளோடும் ஒன்று. அதற்கப்புறம் அண்ணாச்சி கடையில் டீ வாங்கிக் கொடுத்தால் அதையும் குடிப்பாள்.

சொன்னதைக் கேட்கிற விவசாயி எங்கள் தொழிலில் குதிரைக்கொம்பு. அதனால் மூன்று பேருக்கும் அவள்மேல் உரிமை வந்துவிட்டது. துறை மூலமாக நாற்று வாங்கிக் கொடுத்த நான், செயல்விளக்கத் திடல் என்று வயலோரம் ஒரு போர்டு நட்டேன். அந்தப் பெண் அவளுடைய நிறுவனத்தின் பெயரில் ஒரு போர்டு நட்டாள். அண்ணாச்சி சும்மா இருப்பாரா? மருந்துக் கம்பெனியின் போர்டு ஒன்று மறுநாளே முளைத்தது. பேருந்தில் போகிறவர்கள் அதைப் பார்த்தால் என்னவோ பெரிய பண்ணை என்று நினைத்திருப்பார்கள். இருந்தது ஒரு துண்டு நிலமும் மூன்று போர்டும்.

மாசி மாதம் இலை சுருள ஆரம்பித்தது. மிளகாயில் அது வழக்கமாக வருவதுதான். நான் போய்ப் பார்த்தேன். சிலந்திப்பேன், இலை கீழ்நோக்கி மடங்கியிருந்தது. "சல்பர் வாங்கித் தண்ணியில கலந்து சாயங்காலமா அடிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் அண்ணாச்சி கடைக்குப் போய் சல்பரை வாங்கினாள். அண்ணாச்சி, "இது மட்டும் பத்தாது, சிலந்திப்பேனோட இலைப்பேனும் இருக்கு" என்று இன்னொரு பூச்சிமருந்தையும் கையில் கொடுத்தார். அவள் வீட்டுக்கு வந்தால், அந்தப் பெண் வேப்பெண்ணெயோடு காத்திருந்தாள். அவளும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே தப்பில்லை. அதை இப்போதும் சொல்வேன்.

அவள் மூன்றையும் ஒரே டேங்கில் ஊற்றிக் கலக்கிக் காலையில் அடித்துவிட்டாள்.

சல்பரும் எண்ணெயும் சேர்ந்தால் இலை தாங்காது. ஒன்று அடித்தால் மற்றதற்கு நாள் கணக்கில் இடைவெளி விடவேண்டும். அதிலும் மாசி வெயில் ஏறினால் கேட்கவே வேண்டாம். அடுத்த நாள் தற்செயலாக அந்தப் பக்கம் போன நான், ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். ஓரமெல்லாம் பொசுங்கிப் பழுப்பாகி, பூ உதிர்ந்து, வயல் முழுக்கத் தலை தொங்கியிருந்தது. அவள் நடுவில் நின்று ஒவ்வொரு செடியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செஞ்ச நீ? என்னத்த அடிச்ச?" என்று கத்தினேன்.

"மூணு பேரு சொன்னதையும் அடிச்சேன் மேடம்" என்றாள்.

"ஏன்? ஒண்ண அடிச்சுட்டு என்கிட்ட கேட்டிருக்கலாம்லா?"

"மூணு பேரும் எனக்காவத்தான சொன்னீங்க. ஒண்ண ஊத்திட்டு ஒண்ண விட்டா, விட்டவுக நாளைக்கு வந்து கேட்டா நான் எந்த மூஞ்சிய வச்சுப் பதில் சொல்ல?"

எனக்கு வந்த கோபத்தை அவளிடம் காட்ட முடியவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே அண்ணாச்சி கடைக்குப் போனேன். கடையில் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். யாரையும் பார்க்கவில்லை. "அண்ணாச்சி, உங்களுக்கு விக்கணும், அவ்வளவுதானே? நான் சல்பர் சொல்லி அனுப்பினா, மேல ஒண்ணக் கட்டிக் குடுப்பீங்களா?" என்றேன்.

அவர் நிதானமாகத் தராசைத் துடைத்துக்கொண்டே, "மேடம், நான் குடுத்ததும் நீங்க சொன்னதும் சேந்தா ஒண்ணும் ஆகாது. எண்ண யாரு குடுத்தா? அத மொதல்ல கேளுங்க" என்றார்.

எண்ணெய் கொடுத்தவளுக்கு நானே போன் போட்டேன். பக்கத்து ஊரில்தான் இருந்தாள், பத்து நிமிஷத்தில் வந்துவிட்டாள். வந்ததும், "மாதாவே! சல்பர் அடிக்கச் சொன்னது யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க ரெண்டு பேரும் எங்கிட்ட என்னைக்காவது பேசியிருக்கீங்களா?" என்று எகிறினாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். பஜாரில் எங்களைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. துறையில் எனக்கு எவ்வளவு வருஷ அனுபவம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது நினைவிருக்கிறது.

அப்போது அவள் வந்தாள். வயலிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். புடவை முழுக்கப் புழுதி. கூட்டத்தை விலக்கி எங்கள் நடுவில் வந்து நின்றாள்.

"சண்ட போடாதீங்க. யாரும் தப்பு செய்யல. நான்தான் கோட்டித்தனமாப் பண்ணிட்டேன். உங்க மூணு பேருக்கும் மனஸ்தாபம் வரக்கூடாதுன்னுதான் எல்லாத்தயும் அடிச்சேன். அதுவே இப்படி ஆயிட்டு" என்றாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். தன் வயல் கருகியதை விட நாங்கள் சண்டை போடுவதுதான் அவளுக்குப் பெரிய வருத்தமாக இருந்தது. என் வாழ்க்கையில் அந்த நிமிஷம் மாதிரி நான் வெட்கப்பட்டதில்லை.

அண்ணாச்சி எழுந்தார். கல்லாவைப் பூட்டினார். வியாபார நேரத்தில் அந்தக் கடையின் ஷட்டர் இறங்கி நான் பார்த்ததே இல்லை, அன்று இறக்கினார். "பவர் ஸ்பிரேயர் எங்கிட்ட இருக்கு. மொதல்ல இலையக் கழுவணும். அத முடிச்சிட்டு யாரு தப்புன்னு பாத்துக்கிடலாம்" என்றார். ஸ்பிரேயரை அவருடைய மொபெட்டின் முன்னால் வைத்துக் கட்டினார். பின்னால் வயல்காரியை உட்காரவைத்தார், அவருக்கு இடமில்லை. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் அரசாங்க ஸ்கூட்டரில் ஏறினார் அண்ணாச்சி. மொபெட்டை எண்ணெய்க்காரி ஓட்டினாள். பஜாரே சிரித்தது. ஒருத்தர், "அண்ணாச்சிய அரெஸ்ட் பண்ணிக் கொண்டு போறாங்களா?" என்று கேட்டார்.

வெறும் தண்ணீரை அடித்து அடித்து இலையைக் கழுவினோம். வேருக்கு மெல்லிசாக ஒரு பாய்ச்சல் தண்ணீர் விட்டோம். அதோடு எங்கள் வேலை முடிந்தது. இனி செடி தானாகத் துளிர்த்தால் உண்டு.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கஷ்டமானவை. சும்மா இருக்கவேண்டியிருந்தது. ஒரு செடி வாடி நிற்கும்போது எதையாவது கொடுக்காமல் இருக்க எங்கள் மூன்று பேருக்குமே தெரியாது. எனக்கு யூரியாக் கரைசல் லேசாகத் தெளிக்கலாமா என்று கை அரித்தது. அந்தப் பெண் பஞ்சகவ்யத்தைக் கேனில் கொண்டு வந்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துத் திரும்பக் கொண்டு போனாள். அண்ணாச்சி ஒரு நாள் டானிக் பாட்டிலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் அவரையே பார்த்தோம். "சும்மாதான் வச்சிருந்தேன். பழக்கதோசம்" என்று உள்ளே போட்டுக்கொண்டார். வெந்த செடி ஆறட்டும், தண்ணீர் மட்டும் போதும் என்பதில் மூன்று பேரும் ஒன்றாக நின்றோம். எங்களுடைய முதல் ஒற்றுமை ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான்.

இதற்கு நடுவில் என் மேலதிகாரி அந்தப் போர்டை எடுத்துவிடச் சொன்னார். கருகிய வயலில் துறையின் பெயர் இருந்தால் நன்றாகவா இருக்கும் என்றார். கம்பெனிக்காரரும் அண்ணாச்சியிடம் அதையேதான் சொல்லியிருக்கிறார். யாரும் எடுக்கவில்லை. விளைந்தால் எங்களுடையது, கருகினால் அவளுடையது என்று ஆகிவிடும் அல்லவா?

தினமும் காலையில் யாராவது ஒருவர் அவள் வயலைப் பார்த்துவிட்டு மற்ற இரண்டு பேருக்கும் போன் செய்வது வழக்கமானது. பேச்சு அந்த வயலோடு நிற்கவில்லை. "மேடம், முக்காணியிலிருந்து ஒருத்தர் வாழ இலையோட வந்திருக்காரு, நீங்க எதும் சொன்னீங்களா?" என்று அண்ணாச்சி கேட்பார். "அவருக்கு நான் ஒண்ணும் குடுக்கல, நீங்களே பாருங்க" என்று அந்தப் பெண் சொல்வாள். யார் முதலில் சொன்னார்களோ அவர்கள் பேச்சுதான். மற்றவர்களுக்கு வேறு கருத்து இருந்தால் விவசாயியிடம் போகாமல் எங்களுக்குள் முட்டிக்கொள்வோம். முட்டிக்கொள்ளவும் செய்தோம். வேப்பெண்ணெய் விஷயத்தில் அண்ணாச்சியும் அவளும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதற்கென்ன, இப்போது முகத்தைப் பார்த்துச் சண்டை போடுகிறார்கள்.

ஆனால் பங்குனி உத்திரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நிலத்துக்காரருடைய குடும்பத்துச் சாஸ்தா கோயில் அந்தப் பக்கம்தான். வருஷத்தில் அந்த ஒரு நாள் எல்லோரும் பொங்கலிட வருவார்கள். அப்போதுதான் அவர் நிலத்தையும் வந்து பார்ப்பார். குத்தகையை நீட்டுவதும் எடுப்பதும் அன்றைக்குத்தான். அவள் ஒவ்வொரு நாளும் செடியைப் பார்த்துவிட்டு, "உத்திரத்துக்குள்ள வந்திருமா மேடம்?" என்று கேட்பாள். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

வந்தது. உத்திரத்துக்குச் சில நாட்களுக்கு முன்பு கணுக்களில் பச்சையாகத் துளிர் எட்டிப்பார்த்தது. எல்லாச் செடியிலும் இல்லை, ஆனால் பெரும்பாலானவற்றில். அந்தப் பெண்தான் போனில் சொன்னாள். நான் அலுவலகத்தில் இருந்தேன். எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் மரத்தடியில் நின்றுவிட்டு வந்தேன்.

உத்திரத்தன்று நாங்கள் மூன்று பேரும் சொல்லிவைக்காமலே வயலுக்கு வந்துவிட்டோம். நிலத்துக்காரர் கோயிலிலிருந்து திருநீறும் குங்குமமுமாக வந்தார். கெட்ட மனுஷர் இல்லை, வியாபாரி. வயலைச் சுற்றி வந்தார். துளிர் அவர் கண்ணில் படவில்லை. குச்சி குச்சியாக நின்றதுதான் பட்டது. முதலில் அண்ணாச்சியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பிறகு என்னை. பிறகு அந்தப் பெண்ணை. மூன்று பேரும் உள்ளதைச் சொன்னோம்: முதல் பறிப்பு பிந்தும், காய் குறையும், ஆனால் செடி பிழைத்துவிட்டது, வைகாசி வரைக்கும் பறிக்கலாம்.

அவர் திரும்பி வந்து சிரித்தார். "மூணு பேரும் மூணு விதமா சொன்னா நம்பியிருப்பேன். ஒண்ணு போல சொல்லுதீங்களே, அதான் சந்தேகமா இருக்கு" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, உண்மையான அக்கறையோடு, "இந்தா பாரு ஆத்தா, நீ ஏன் இந்தக் காஞ்ச செடியோட கெடந்து சாகுத? எம் மச்சானுக்கு உப்பளம் இருக்கு. நான் ஒரு வார்த்த சொன்னா நாளைக்கே சேத்துக்கிடுவான். நிலத்த நான் வேற ஆளுக்கு விட்டுக்கிடுதேன். என்ன சொல்லுத?" என்றார்.

ஒரு பெரிய மனுஷர், நல்ல நாள் அதுவுமாக, உதவி என்று நினைத்து நீட்டுகிறார். நீட்டியது எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்கிறவள் அவள். அவள் கண்ணைப் பற்றி நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அண்ணாச்சி என் பக்கம் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். அந்தப் பெண் கழுத்திலிருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"வேண்டாம் மொதலாளி" என்றாள். "உப்பளத்துக்கு நான் போவ மாட்டேன். துளுத்திருக்கு. நான் இங்கனதான் நிப்பேன்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. குனிந்து பக்கத்துச் செடியின் கணுவை விரலால் விலக்கிப் பார்த்தார். அப்போதுதான் துளிர் அவர் கண்ணில் பட்டது. "சரி, அப்ப இரு. அடுத்த உத்திரம் வரைக்கும் நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, மொட்டையடித்த பேரன் காரில் அழுகிறான் என்று வேகமாகப் போய்விட்டார்.

கார் கண்ணை விட்டு மறைந்ததும் அவள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம், கோயிலுக்கு வந்த மனுசன், நல்லது செய்யுதேன்னாரு. மூஞ்சில அடிச்ச மாதிரி வேண்டாம்னுட்டேனே. மருவாதி இல்லாமப் பேசிட்டேனோ?" என்றாள்.

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இல்ல ஏளா. சரியாத்தான் சொன்ன" என்றேன்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு விவசாயியையும், எங்கள் ஊரில் உற்ற தோழியைக் கூப்பிடுவதுபோல, ஏளா என்று நான் கூப்பிட்டதில்லை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, வயல் கருகிய அன்றைக்கு அழவேண்டிய அழுகையையும் சேர்த்து அழுதாள்.